பீப்பாயில் இருக்கும்போதே விலைபோகும் ஒயின்

பிரான்சின் போர்தோ நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு விசித்திரமான வியாபாரம் நடக்கிறது. போன செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சையின் ஒயின் அப்போதுதான் ஆறு மாதத்தைத் தாண்டிப் பீப்பாயில் கிடக்கும். உலகெங்கிலுமிருந்து வியாபாரிகளும் விமர்சகர்களும் வந்து அதை வாயில் விட்டுச் சுழற்றித் துப்புகிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள். மே, ஜூன் வாக்கில் விலை வெளியாகிறது. வாங்க நினைப்பவர் அப்போதே பணத்தைக் கட்டிவிட வேண்டும். பாட்டில் கைக்கு வர இன்னும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். வந்த பிறகும் திறக்கக் கூடாது. நல்ல தோட்டத்துச் சிவப்பு ஒயின் என்றால் இன்னும் எட்டுப் பத்து வருடம் நிலவறையில் படுத்திருக்க வேண்டும்.

இந்த முன்விற்பனைக்கு ஆன் ப்ரிமெர் என்று பெயர். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முழுதாக உருவாகாத ஒரு ஒயினை ருசிப்பவர் அதில் எதைத் தேடுகிறார்? இவ்வளவு முன்கூட்டிப் பணம் கட்டுபவருக்கு என்ன கிடைக்கிறது? என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். காத்திருப்பதற்கான கூலி விலையிலேயே தெரிந்தால் வாங்கலாம். தெரியாவிட்டால் காத்திருக்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும், அப்புறம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். கடந்த பதினைந்து வருடங்களில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனமாக இருந்திருக்கிறது.

கூழாங்கல்லும் களிமண்ணும்

போர்தோவைத் தாண்டி வடக்கே போனால் கரோன் ஆறும் தோர்தோன்யு ஆறும் சேர்ந்து ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகின்றன. அதன் இடக்கரையில் மெதோக் என்ற ஒடுங்கிய நிலப்பகுதி. 17 ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கும் வரை அதில் பெரும்பகுதி சதுப்பு. தண்ணீர் வடிந்த பிறகு கிடைத்தவைதான் இன்று உலகமே பேசும் கூழாங்கல் மேடுகள். கூழாங்கல் தண்ணீரைத் தேங்கவிடாது, பகல் வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோன் திராட்சைக்கு அந்தச் சூடு தேவை. அதன் பழம் சிறியது, தோல் தடித்தது. தோலில் நிறமும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கின்றன. நீண்ட நாள் வைத்திருக்கும் போர்தோ என்றால் முதலில் மெதோக் நினைவுக்கு வருவதற்கு இதுதான் காரணம்.

வலக்கரையில் சேன்தெமிலியோன், பொமெரோல். அங்கே களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அதிகம், மெர்லோ திராட்சைதான் ராஜா. சீக்கிரம் பழுக்கும், வாயில் சதைப்பற்றாக, மென்மையாக இருக்கும். அதற்காக வலக்கரை ஒயின் தாங்காது என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் மெர்லோவிலேயே செய்யப்படும் பெத்ருஸ் அரை நூற்றாண்டு சாதாரணமாக நிற்கும்.

இடக்கரையைப் பற்றிப் பேசும்போது 1855 ஆம் ஆண்டுப் பட்டியலைத் தவிர்க்க முடியாது. அந்த வருடம் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், போர்தோவின் தரகர்கள் தோட்டங்களை ஐந்து படிகளாக வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். ருசி பார்த்து அல்ல, பல வருடங்களாக ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போனது என்பதைப் பார்த்து. முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன் என்று நான்கு. 1973 இல் மூத்தோன் என்ற தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏற்றப்பட்டது. அந்த ஆணையில் கையெழுத்திட்ட வேளாண் அமைச்சர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஷாக் ஷிராக். அதைத் தவிரப் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. அந்தத் தகுதி தோட்டத்தின் பெயருக்குத்தான், மண்ணுக்கு அல்ல. ஒரு ஷாத்தோ, அதாவது ஒயின் தோட்டம், பக்கத்து நிலத்தை வாங்கித் தன்னோடு சேர்த்தால், அந்த நிலத்து ஒயினும் அதே படிக்குப் போய்விடும். ஆகவே 1855 பட்டியலை ஒரு பழைய விலைப்பட்டியல் என்று எடுத்துக்கொள்வதே சரி. பெரும்பாலும் சரியாக இருக்கும், எப்போதும் அல்ல.

ருசிப்பவர் தேடுவது என்ன

பீப்பாயிலிருந்து எடுத்த ஒயினை முதல்முறை ருசிப்பவர் ஏமாந்துதான் போவார். கிளாசில் ஊற்றினால் மை போன்ற ஊதா நிறம். மூக்கைக் கொண்டுபோனால் பழத்துக்கு முன்னால் புது ஓக் மரத்தின் வாசம், வனிலாவும் கருகிய ரொட்டியும் கலந்தது போல. வாயில் விட்டால் ஈறு சுருங்கிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். இருபது மாதிரிகளை முடிப்பதற்குள் பல்லும் உதடும் கறுத்துவிடும். இதில் சந்தோஷத்தைத் தேடக் கூடாது, கட்டமைப்பைத் தேட வேண்டும்.

டானின் என்பது துவர்ப்பு. பால் விடாமல் அதிக நேரம் கொதித்துவிட்ட தேநீர் நாக்கை எப்படி இழுக்கிறதோ, அதே வேலைதான். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, கொஞ்சம் ஓக் மரத்திலிருந்தும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். நன்றாகப் பழுத்த தோலின் டானின் வாய் முழுக்கச் சீராகப் பரவும், பொடியாக உணரப்படும். பழுக்காத விதையின் டானின் முன்ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கூராகக் கடிக்கும், கூடவே ஒரு கசப்பு. குடைமிளகாய் வாசம் தூக்கலாக இருந்தால் கபர்னே சரியாகப் பழுக்கவில்லை என்று அர்த்தம். லேசாக இருந்தால் குற்றமில்லை, சிலருக்கு அதுவே பிடிக்கும்.

அடுத்தது புளிப்பு. துப்பிய பிறகு கன்னத்தின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா என்று கவனித்தால் போதும். ஊறினால் ஒயினில் உயிர் இருக்கிறது. வெயில் கொளுத்திய ஆண்டுகளில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். 1980களில் 12, 12.5 சதவீத ஆல்கஹாலோடு வந்த மெதோக் ஒயின்கள் இன்று 13.5, 14 என்று வருகின்றன. வெப்பஅலை வீசிய 2003 ஆம் ஆண்டின் ஒயின்கள் இளமையில் எல்லாரையும் மயக்கின, பல சீக்கிரமே களைத்துப்போயின.

மிச்சமிருப்பது பழச்சாரமும் நீளமும். ஓக் வாசத்தை மனதுக்குள் ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே பிளாக்கரன்ட் பழமோ பிளம்ஸோ தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். துப்பிய பிறகு அந்தப் பழம் எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். துவர்ப்பு மட்டும் நின்று பழம் முதலில் போய்விட்டால் யோசிக்க வேண்டிய இடம்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரிய பெரிய நிபுணர்களே சறுக்கியிருக்கிறார்கள். இளமையில் கரடுமுரடாக இருந்தால்தான் வயதில் அருமையாக வரும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 1975 ஆம் ஆண்டு மெதோக் அந்த நம்பிக்கைக்குத் தகுந்த மாதிரியே வந்தது. டானின் இரும்பு மாதிரி இருந்தது, எல்லாரும் பாராட்டினார்கள், வாங்கி அடுக்கினார்கள். இருபது வருடம் காத்திருந்தும் பல பாட்டில்களில் டானின் அப்படியே நின்றது, பழம்தான் காய்ந்துபோனது. 1982 நேர் எதிர். பழுத்து, சதைப்பற்றாக, பீப்பாயிலேயே குடிக்கலாம் போல இருந்தது. இது தாங்காது என்று அன்றைய விமர்சகர்கள் சிலர் எழுதினார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர், 1978 இல்தான் தன் ஒயின் இதழைத் தொடங்கியவர், இது மகத்தான ஆண்டு என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னதுதான் நடந்தது. நல்ல தோட்டங்களின் 1982 நாற்பது வருடம் கடந்தும் உயிரோடு இருக்கிறது. மென்மையாகத் தெரிந்ததற்குக் காரணம் டானின் குறைவு அல்ல, டானின் நன்றாகப் பழுத்திருந்ததுதான். பழம் அதை மூடியிருந்தது. போர்தோ பல்கலைக்கழகத்தின் எமில் பேய்னோ 1950களிலிருந்து தோட்டக்காரர்களிடம் சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதுவே: நன்றாகப் பழுக்கவிடு, சுத்தமாக வேலை செய், சுமாரான பீப்பாயைக் கலவையில் சேர்க்காதே.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று இணைகின்றன, உடைகின்றன, மறுபடி வேறு விதமாக இணைகின்றன. ஒரு பகுதி கனத்து அடியில் வண்டலாகப் படிகிறது. கார்க் வழியாக ஆண்டுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. ஊதா நிறம் செங்கல் நிறத்துக்கு வருகிறது. புதுப்பழ வாசம் பின்வாங்கி, தேவதாரு மரம், புகையிலை, பதனிட்ட தோல், ஈர மண், காளான் என்று வேறு வாசங்கள் முன்னுக்கு வருகின்றன. நடுவில் ஒரு கட்டம் உண்டு. பாட்டிலில் அடைத்து மூன்று நான்கு வருடங்களில் பல ஒயின்கள் வாயை மூடிக்கொள்ளும். வாசமும் இருக்காது, ருசியும் இருக்காது. அந்த நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று மிச்சப் பெட்டியை விற்றவர்கள் நிறையப் பேர்.

ஏப்ரல் மாதிரிகளை எந்த அளவு நம்பலாம்? கொஞ்சம் எச்சரிக்கையோடு. ருசிக்க வைக்கும் மாதிரி கடைசிக் கலவை அல்ல. ஒயின் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பீப்பாயில் இருக்கப்போகிறது, திராட்சைச் சக்கையிலிருந்து பிழிந்தெடுத்த ஒயினை எவ்வளவு சேர்ப்பது என்பதில் சின்ன மாற்றங்கள் வரலாம். மாதிரி எடுத்து ஓரிரு நாள் ஆனாலே அதன் முகம் மாறிவிடும். எந்தத் தோட்டமும் தன் சுமாரான பீப்பாயிலிருந்து மாதிரி எடுத்து வைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கெல்லாம் அந்த ஏப்ரல் அழைப்பு வரப்போவதில்லை. அதனால் சாதாரண வழி ஒன்று. கடைக்கு வந்துவிட்ட இளம் ஒயினில் ஒரே ஒரு பாட்டில் வாங்குங்கள். பாதியை அன்றைக்குக் குடித்துவிட்டு, கார்க்கை அடைத்து வைத்து மறுநாள் அதே நேரத்தில் மறுபடி ருசியுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருந்தால் அது நிலவறைக்குத் தகுதியான ஒயின். தட்டையாகிவிட்டால், இந்த வருடமே குடிக்க வேண்டியது. ஆய்வகச் சோதனை மாதிரித் துல்லியம் இதில் கிடையாது. ஆனால் அடுத்தவர் போட்ட மதிப்பெண்ணைவிட உங்கள் வாய்க்கு நெருக்கமானது.

காத்திருப்பதன் கூலி

முன்விற்பனை ஏன் வந்தது என்பது எளிது. ஒயினைச் செய்து இரண்டு வருடம் வைத்திருந்து விற்பதற்குத் தோட்டத்துக்குப் பணம் வேண்டும். போர்தோவில் ஷாத்தோக்கள் நேராகக் கடைக்காரருக்கு விற்பதில்லை. நடுவில் கூர்த்தியே என்ற தரகர் 2 சதவீதம் எடுத்துக்கொள்கிறார், நெகோசியான் என்ற மொத்த வியாபாரி ஒதுக்கீட்டை வாங்கி உலகத்துக்கு விற்கிறார். மோசமான ஆண்டிலும் ஒதுக்கீட்டை எடுத்துக்கொண்டால்தான் நல்ல ஆண்டில் பங்கு கிடைக்கும் என்பது எழுதப்படாத விதி. முன்பெல்லாம் இந்தச் சுமையை வியாபாரிகளே தாங்கினார்கள். 1982 க்குப் பிறகு குடிப்பவர்களும் பீப்பாய் நிலையிலேயே வாங்கத் தொடங்கினார்கள், சுமை மெல்ல அவர்கள் தலைக்கு மாறியது.

1982 ஒயினை வாங்கியவர்களுக்கு அது சுமையாகத் தெரியவில்லை. முதல் படி ஒயின்கள் பன்னிரண்டு பாட்டில் பெட்டி லண்டனில் சில நூறு பவுண்டுக்குக் கிடைத்தன. பின்னால் அதே பெட்டிகள் பல ஆயிரம் பவுண்டுக்குப் போயின. அந்த ஒரு வருடத்தின் கதையைச் சொல்லியே அடுத்த முப்பது வருடம் ஆன் ப்ரிமெர் விற்றார்கள் என்றால் பெரிய மிகையல்ல.

அப்புறம் வந்தது சீனா. ஹாங்காங் 2008 பிப்ரவரியில் ஒயின் மீதான வரியை முழுதாக எடுத்தது. லஃபீத் என்ற பெயர் சீனச் செல்வந்தர்களிடையே பரிசுப் பொருளானது. 2010 இறுதியில், தன் 2008 ஆம் ஆண்டு பாட்டில்களில் எட்டு என்ற சீன எழுத்தைப் பொறிக்கப்போவதாக லஃபீத் அறிவித்தவுடன் அந்த ஒயினின் விலை சட்டென்று எகிறியது. எட்டு அங்கே ராசியான எண். ஒயினில் ஒரு சொட்டும் மாறவில்லை, கண்ணாடியில்தான் ஒரு எழுத்து கூடியிருந்தது. 2008 ஒயினை நூறு சொச்சம் யூரோவுக்கு வெளியிட்ட முதல் படித் தோட்டங்கள், 2009 க்கும் 2010 க்கும் ஒரு பாட்டில் 500, 600 யூரோ என்று கேட்டன. அதுவும் வியாபாரிக்கு. இரண்டும் மகத்தான ஆண்டுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் 2011 நடுவில் சீனத் தேவை தளர்ந்தது, விலை சரிந்தது. பீப்பாய் நிலையில் வாங்கியவர்கள் பல வருடங்கள் கழித்து, அதே ஒயின் தாங்கள் கொடுத்ததைவிடக் குறைவான விலைக்குக் கடையில் கிடைப்பதைப் பார்த்தார்கள்.

2012 இல் லத்தூர் ஒரு குண்டைப் போட்டது. 2011 ஆம் ஆண்டு ஒயினோடு ஆன் ப்ரிமெரிலிருந்து விலகுவதாகவும், இனி குடிக்கத் தயார் என்று தாங்கள் நினைக்கும்போதுதான் வெளியிடப்போவதாகவும் அறிவித்தது. அதன் உரிமையாளர் ஃப்ரான்சுவா பினோவுக்கு முன்பணம் தேவையில்லை, காத்திருப்பதன் லாபத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. தோட்டக்காரருக்கே அந்தக் கணக்கு புரிந்த பிறகு வாங்குபவர் ஏன் எதிர்க்கணக்கில் நிற்க வேண்டும்?

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்ப்போம். பாட்டில் 100 யூரோ என்று பீப்பாய் நிலையில் வாங்குகிறீர்கள். அந்தப் பணம் ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் இருந்திருந்தால் பத்து வருடத்தில் 134 ஆகியிருக்கும். தொழில்முறைக் கிடங்கில் வைத்தால் பாட்டிலுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு யூரோ, அதில் 15 என்று வையுங்கள். ஆக 150 ஐ நெருங்கிவிட்டோம். பிரான்சில் வாங்கினால் முன்விற்பனை விலையில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது, பாட்டில் வரும்போது தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். நடுவில் விற்ற கடை திவாலானால் பாட்டிலும் வராது, பணமும் வராது. அப்படி நடந்ததும் உண்டு. பத்து வருடம் கழித்து அதே ஒயின் கடையில் 140 க்குக் கிடைத்தால், நீங்கள் பத்து வருடம் அந்தக் கடைக்காரருக்காகச் சும்மா காவல் காத்திருக்கிறீர்கள்.

எல்லா ஆண்டும் அப்படி இல்லை. 2008 ஆம் ஆண்டு ஒயின் நிதி நெருக்கடியின் நடுவில் 2009 வசந்தத்தில் மலிவாக வந்தது, வாங்கியவர்கள் சிரித்தார்கள். 2019 ஒயின் கொரோனா முடக்கத்தில், 2020 ஜூனில் வந்தது. பல தோட்டங்கள் 20, 30 சதவீதம் குறைத்தன, அருமையான ஆண்டும்கூட. இதில் ஒரு பாடம் உண்டு: தோட்டக்காரர் பயந்திருக்கும் வருடத்தில் வாங்கு. 2024 இல் வெளியான 2023 ஆம் ஆண்டு ஒயினுக்கு முதல் படித் தோட்டங்கள் சில முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தும் சந்தை பெரிதாக அசையவில்லை. பழைய ஆண்டுகளின் சரக்கு ஏற்கெனவே கிடங்குகளில் குவிந்திருக்கிறது. இதற்கெல்லாம் கீழே, பெயரில்லாத சாதாரணப் போர்தோ ஒயினின் நிலைமை இன்னும் மோசம். 2023 இல் பிரெஞ்சு அரசும் போர்தோ ஒயின் தொழில் மன்றமும் சேர்ந்து சுமார் 9,500 ஹெக்டேர் போர்தோ திராட்சைக் கொடிகளைப் பிடுங்குவதற்கு நிதி ஒதுக்கின. ஒரு பாட்டில் 500 யூரோவுக்குப் போகும் ஊரிலேயே விற்க வழியில்லாமல் கொடியைப் பிடுங்குகிறார்கள்.

எதை வாங்கலாம்

என் பரிந்துரை விலையில் நடுப்படிதான். உதாரணத்துக்கு சேன் ஜூலியேன் ஊரின் லியோவில் பார்த்தோன். 1855 பட்டியலில் இரண்டாம் படி. பழைய லியோவில் தோட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஒரு துண்டு. மற்ற இரண்டும் லாஸ் காஸ், ப்வாஃபெரே. 18 ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்து ஒயின் வியாபாரம் தொடங்கிய பார்ட்டன் குடும்பம் 1826 இல் இதை வாங்கியது. இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 1980களிலிருந்து இதை நடத்திய அந்தோனி பார்ட்டன், 2022 இல் காலமானவர், பக்கத்துத் தோட்டக்காரர்கள் விலையை ஏற்றும்போதெல்லாம் நிதானம் காட்டியவர் என்று பெயர் பெற்றவர். ஒயின் பழைய பாணி. கபர்னே தூக்கல், இளமையில் முறைத்துக்கொண்டிருக்கும், பன்னிரண்டு வருடத்துக்கு முன் திறப்பதில் அர்த்தமில்லை. இளம் ஆண்டுகள் 60 முதல் 100 யூரோவுக்குள் கிடைக்கும். முதல் படிப் பாட்டில் ஒன்றின் விலைக்கு இதில் ஐந்தாறு வாங்கலாம். ருசியில் ஐந்து மடங்கு வித்தியாசம் நிச்சயமாகக் கிடையாது.

அதற்கும் கீழே, 1855 பட்டியலிலேயே இல்லாத சோசியாந்தோ-மாலே. ஷான் கோத்ரோ என்பவர் 1969 இல் பாழடைந்து கிடந்த தோட்டத்தை வாங்கி, ஜிரோந்துவைப் பார்த்த அந்தக் கூழாங்கல் மேட்டிலிருந்து இருபது வருடம் நிற்கும் ஒயினை எடுத்தார். பூஜோவும், 1855 பட்டியலில் ஐந்தாம் படியில் இருக்கும் கந்த்மெர்லும் இதே போல் நம்பகமானவை.

ஆண்டு என்று பார்த்தால், 2016 ஐ வைப்பதற்கென்றே வாங்கலாம்: மழை நிறைந்த வசந்தம், வறண்ட கோடை, டானினும் புளிப்பும் பழமும் சரியான அளவில். 2019 அதைவிடக் கொஞ்சம் இளகியது. 2014 கவர்ச்சி குறைந்தது, விலையும் குறைவு, ஆனால் நல்ல இடக்கரை. மழையில் அடிபட்ட 2013 ஐ நிலவறைக்கு வாங்க வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். முடிந்தால் ஒரு ஒயினில் ஆறு பாட்டில் சேர்ந்தாற்போல் வாங்குங்கள். ஆறு தோட்டத்தில் ஒவ்வொன்று வாங்கினால் எதை எப்போது திறப்பது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றரை லிட்டர் மேக்னம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் ஒயின் மெதுவாக வயதாகும். பாரிசிலோ பிரான்சின் வேறு ஊர்களிலோ இருக்கும் நம்மவர்கள் செப்டம்பரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் நடத்தும் ஒயின் சந்தையைத் தவறவிட வேண்டாம். நடுப்படி ஷாத்தோக்கள் நியாயமான விலைக்கு அங்கேதான் வரும், முதல் நாளே தீர்ந்தும்விடும்.

வயதான பாட்டிலை வாங்குவது இன்னொரு கலை. முதலில் பார்க்க வேண்டியது ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது. இருபது வருடப் பாட்டிலில் கழுத்தின் அடி வரை இருந்தால் நலம். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் கார்க் கசிந்திருக்கிறது, காற்று போயிருக்கிறது, விலை என்ன சொன்னாலும் விட்டுவிடலாம். கார்க்குக்கு மேலுள்ள உலோக உறையை லேசாகத் திருகிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தால் ஒயின் வழிந்து காய்ந்திருக்கலாம். லேபிள் கொஞ்சம் பூசணம் பூத்திருப்பது நல்ல அறிகுறிதான், ஈரமான நிலவறையில் இருந்ததற்குச் சாட்சி. எல்லாவற்றையும்விட முக்கியம், இத்தனை வருடம் அது எங்கே இருந்தது என்ற வரலாறு. ரூடி குர்னியவானை நினைத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவின் பெரிய ஏலங்களில் அரிய பழைய ஒயின்களை அள்ளி வாங்கி, அள்ளி விற்றவர். 2012 மார்ச்சில் அவருடைய கலிஃபோர்னியா வீட்டுக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்தபோது கட்டுக்கட்டாக லேபிள்களும் கார்க்குகளும் கலவை செய்துகொண்டிருந்த பாட்டில்களும் கிடந்தன. 2014 இல் பத்து வருடச் சிறை. அவரிடம் ஏமாந்தவர்களில் பலர் ஒயினில் கரைகண்டவர்கள். ஆனால் போலி செய்பவர்கள் ஆயிரம் யூரோ பாட்டிலைத்தான் குறிவைப்பார்கள், 80 யூரோ பாட்டிலுக்கு மெனக்கெட மாட்டார்கள். நடுப்படியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைப்பதும் திறப்பதும்

12, 13 டிகிரி செல்சியஸ், வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக. 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். இருட்டு. அதிர்வு இல்லாத இடம். கார்க் காயாமல் இருக்கப் பாட்டில் படுத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. வெப்பம் கொஞ்சம் கூடுதலாக, 16, 17 என்று இருந்தாலும் சீராக இருந்தால் பாதகமில்லை, ஒயின் சற்று வேகமாக வயதாகும். தினமும் ஏறி இறங்குவதுதான் கெடுதல். கார்க்கைத் தள்ளும், இழுக்கும், காற்று புகும். சமையலறையின் மேல்தட்டு, ஃப்ரிட்ஜுக்கு மேலே, ஜன்னலோரம் எல்லாம் ஒயினுக்குச் சாவு. சென்னை மே மாதத்தை அலமாரியில் கழித்த போர்தோவில் வெந்த பழத்தின் வாசம்தான் மிஞ்சும். ஒயினுக்கென்றே இருக்கும் குளிர்பெட்டியும் நிற்காத மின்சாரமும் இல்லாமல் நம் ஊரில் பத்து வருடத் திட்டம் போடுவது வீண். லண்டன், டொரன்டோ வீடுகளில் நிலத்தடி அறை இருந்தால், அதில் ஒரு வெப்பமானியைப் போட்டு ஒரு கோடை முழுக்கப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆறு பாட்டிலில் முதலாவதை எட்டாம் வருடம் திறங்கள். சீக்கிரம்தான், ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரியும். டானின் இன்னும் முரண்டு பிடித்தால் மூன்று வருடம் விடுங்கள். பழம் முன்னால் வந்திருந்தால் அடுத்ததை இரண்டு வருடத்தில் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதி வையுங்கள், அடுத்த பாட்டிலை எப்போது திறப்பது என்று அந்த இரண்டு வரிதான் சொல்லும்.

திறப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியோ கைபேசி வெளிச்சமோ பிடித்துக்கொண்டு மெதுவாக டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் கார்க் நோய், டி.சி.ஏ. என்ற வேதிப்பொருளின் வேலை. காற்றாடவிட்டாலும் சரியாகாது, நல்ல கடை என்றால் மாற்றிக் கொடுக்கும். ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய ரசீதோடு போய் நின்றால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். 12 வயது ஒயினை இரண்டு மணி நேரம் காற்றாடவிடலாம். முப்பது வயதுப் பாட்டிலுக்கு அது ஆபத்து, ஊற்றின அரை மணிக்குள் குடித்துவிட வேண்டும்.